முதலிலேயே கேளுங்கள்: ஆட்டிசம் ஆய்விலும் சேவையிலும் வீட்டு மனிதர்களுக்கு என்ன இடம்?

கோத்தகிரியிலிருந்து காலை 9 மணிக்குக் கோயம்புத்தூர் போய்ச் சேரவேண்டும் என்றால் இருட்டோடு பஸ் ஏறவேண்டும். மேட்டுப்பாளையம் வரும்வரை வளைவுக்கு மேல் வளைவு. என் தம்பிக்கு அப்போது 6 வயது. ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல கீழே ஓர் இடத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். பாதி மலை இறங்குவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறி, போய்ச் சேர்ந்து, அங்கே கூட்டமான வராந்தாவில் இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் பார்த்தார்கள். ஒத்துழைக்கவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பொம்மையைத் தொடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எழுதியது எல்லாம் அன்றைக்கு நடந்ததுதான், பொய் இல்லை. ஆனால் வீட்டில் அவன் எப்படி இருப்பான் என்று அம்மா சொல்ல வந்தபோது, "நாங்க பார்த்துக்கிறோம்மா" என்று நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாளில் பாதி என் தம்பியைப் பற்றியது, மீதி பாதி அந்தப் பஸ் பயணத்தைப் பற்றியது. எது எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அது நடந்து 20 வருடம் ஆகிறது. நான் இப்போது கோத்தகிரியில் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வருகிற குடும்பங்களோடு பேசாத வாரம் இல்லை, பல வீட்டில் இதே கதைதான். ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் ஆய்விலும் சேவைகளை அமைப்பதிலும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு பேச்சு பல வருடமாக நடந்துவருகிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது, நம் மலைக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்கிற விதத்திலேயே இருக்கிற ஒரு வேறுபாடு. சின்ன வயதிலேயே தெரியும், வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். பேசுவது, பழகுவது, சத்தம், வெளிச்சம், தொடுகை இதையெல்லாம் உணர்வது என்று பலவற்றிலும் அது தெரியும். ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. இந்த அளவுக்கு இப்போதைக்குப் போதும்.

சரி, சேர்த்துக்கொள்வது என்றால் என்ன? வழக்கமாக ஓர் ஆய்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எங்கேயோ ஒரு பெரிய ஊரில் சிலர் உட்கார்ந்து எதைப் பற்றி ஆராயலாம் என்று முடிவு செய்கிறார்கள். கேள்வித்தாள் தயாராகிறது, பணம் வருகிறது, ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள், நாம் பதில் சொல்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், அவர்கள் போய்விடுகிறார்கள். சேவையும் அப்படியே, கட்டடம் எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வேலைக்கு என்று எல்லாம் முடிவான பிறகு கடைசியாக நாம் வருகிறோம். அளவே எடுக்காமல் சட்டையைத் தைத்து முடித்துவிட்டு, போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வது? சேர்த்துக்கொள்வது என்றால் துணி வெட்டும் முன் அளவெடுப்பது. எந்தக் கேள்வியை ஆராயவேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்திலேயே அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது.

இதில் படிகள் உண்டு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அவர் எழுதியது நகரத் திட்டங்களைப் பற்றி, ஆட்டிசத்தைப் பற்றி அல்ல, ஆனாலும் இன்றுவரை எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். கீழ்ப்படிகளில் மக்களைக் கூட்டிவைத்து நம் முடிவுக்குத் தலையாட்ட வைப்பது. நடுப்படிகளில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஒரு நாற்காலி கொடுத்துச் சமாதானம் செய்வது. மேல்படிகளில்தான் கூட்டாகச் சேர்ந்து முடிவெடுப்பதும், முடிவெடுக்கிற அதிகாரத்தையே கொடுப்பதும் வருகின்றன. கீழிருந்து இரண்டாவது படிக்கு அவர் வைத்த பெயர் 'சிகிச்சை'. அதாவது, வந்தவர்களின் கருத்தைக் கேட்காமல் வந்தவர்களையே சரிசெய்யப் பார்ப்பது. முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கோயம்புத்தூர் அறைதான் ஞாபகம் வந்தது.

இது எவ்வளவு முக்கியம் என்பது ஆட்டிசத்தின் சொந்த வரலாற்றைப் பார்த்தால் தெரியும். லியோ கேனர் என்கிற மருத்துவர் 1943இல் இதை விரிவாக எழுதியபோது, பெற்றோர்கள் பலர் பாசத்தை வெளிக்காட்டாதவர்களாக இருந்தார்கள் என்பதையும் குறித்துவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு, தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்கிற கருத்து பரவியது. குளிர்பதனப் பெட்டி போன்ற அம்மா என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960களில் அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. அதை உடைத்ததில் பெரிய பங்கு பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவருடையது. அவர் உளவியல் படித்தவர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவும்கூட. இது வளர்ப்பால் வருவதில்லை, உடலும் மூளையும் சம்பந்தப்பட்டது என்று 1964இல் ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்தில் லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள பெண்ணின் அம்மா. 1962இல் பெற்றோர்கள் சேர்ந்து அங்கே தொடங்கிய சங்கத்தில் அவரும் ஒருவர். ஆட்டிசம் ஒரே மாதிரி இருப்பதில்லை, பல அளவுகளில் பல நிறங்களில் விரிந்து கிடப்பது என்கிற இன்றைய புரிதலுக்கு 1970களில் அவர் செய்த வேலைதான் பெரிய அடிப்படை.

வீட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒரு துறையையே திருப்பியிருக்கிறது. (நம் பக்கம் அந்தப் பழி இன்னும் போகவில்லை. "ஃபோனைக் கொடுத்து வளர்த்தா இப்படித்தான்" என்று என் கடை வாசலில் வைத்தே ஓர் அம்மாவிடம் ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு ஃபோன் என்றால் என்னவென்றே தெரியாத வயதில் தொடங்கியது அது.)

ஆனால் குடும்பம் பேசிவிட்டால் போதுமா? போதாது, இங்கேதான் நம்மில் பலரும் தடுமாறுகிறோம், நானும் தடுமாறியிருக்கிறேன். அக்காவாக எனக்குத் தெரிந்தது ஒன்று, தம்பிக்குத் தெரிந்தது வேறு. எனக்குத் தூக்கம் வேண்டும், அம்மாவுக்கு அம்மா காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்கிற கவலை, இதெல்லாம் நியாயமான விஷயங்கள். அவனுக்கு வேண்டியது என்ன என்பதை இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஸ்வெட்டர் கதையைச் சொல்கிறேன். நீலகிரியில் பிள்ளை ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் வெளியே வந்தால் வழியில் போகிறவர்கள்கூட அம்மாவைத் திட்டுவார்கள். தம்பி ஸ்வெட்டரைப் போட்ட அடுத்த நிமிடமே கழற்றி எறிவான், அழுவான், தன் கையையே கடிப்பான். ஒரு முறை வீட்டுக்கு வந்த கேள்வித்தாளில் 'உடை அணிய மறுக்கிறாரா' என்று இருந்தது, நாங்களும் ஆமாம் என்றுதான் குறித்தோம். பல வருடம் கழித்து, ஆட்டிசம் உள்ள ஒரு பெண் தன் அனுபவத்தைப் பேசியதைக் கேட்டேன். கம்பளி தன் தோலில் எறும்பு ஊர்வது போல இருக்கும் என்றார். அன்று சாயங்காலமே பருத்திச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டேன், கழுத்துக்குப் பின்னால் குத்துகிற லேபிளையும் வெட்டி எடுத்தேன். தம்பி கையை நீட்டிப் பார்த்தான், தோளைக் குலுக்கினான், போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான். பத்து வருடம் உடை மறுக்கிறவன் என்று நாங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தது கம்பளியைத்தான். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்த அறையில் அந்தப் பெண்ணைப் போல ஒருவர் இருந்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதையே கொஞ்சம் பெரிய அளவில் சொன்னவர் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஆய்வாளர். 2012இல் அவர் முன்வைத்த கருத்து இது: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம், மற்றவர்களுக்கும் அவர்களைப் புரியவில்லையே, அப்படியென்றால் சிக்கல் இரண்டு பக்கமும்தானே? வெளியிலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவு அழுத்தமாகக் கேட்டதில்லை. தம்பி சந்தோஷமாக இருந்தால் கையை உதறிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவான், வந்த விருந்தாளிகள் கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதிலும் இது தெரியும். லிஸ் பெலிக்கானோவும் அவருடன் வேலை செய்தவர்களும் பிரிட்டனில் 1,600 பேருக்கு மேல் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள், குடும்பத்தினர், பணியாளர்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் அதில் உண்டு. அங்கே ஆட்டிச ஆய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் உயிரியல், மூளை, மரபணு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மக்கள் கேட்டதோ அன்றாட வாழ்க்கைக்கு உதவுகிற ஆய்வுகளை, அதாவது சேவைகள் எப்படி இருக்கவேண்டும், வாழ்க்கைத் திறன்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது, பெரியவர்களான பிறகு என்ன என்பதை. மரபணு ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 26 வயதுத் தம்பியை வைத்துக்கொண்டிருக்கிற எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது.

பெயர் வைப்பதிலேயே இது தொடங்கிவிடுகிறது. தமிழில் மதியிறுக்கம் என்கிறோம், ஆட்டிசம் என்றே சொல்கிறோம். அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்றொரு சொல்லும் புழங்கிவருகிறது. நான் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியைப் பார்க்கிறேன். மழை வருவதற்கு முன்னாலேயே காற்றின் சத்தம் மாறுவதை அவன்தான் முதலில் கேட்பான், எழுந்துபோய்க் கொடியில் காய்கிற துணியை இழுப்பான். அவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? அந்தச் சொல்லை உண்டாக்கும்போது அப்படி அழைக்கப்படப்போகிற ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். பிரிட்டனில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில் சுமார் 3,500 பேர் பதில் சொன்னார்கள். துறைசார்ந்தவர்கள் விரும்பிய சொல் ஒன்று, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் விரும்பிய சொல் இன்னொன்று.

உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்பயர் என்று ஒரு குழு 2006இல் தொடங்கியது. கிறிஸ்டினா நிக்கோலைடிஸ் என்கிற மருத்துவரும் டோரா ரேமேக்கர் என்கிற ஆட்டிசம் உள்ள ஆய்வாளரும் சேர்ந்து நடத்தியது. கேள்வி எது என்பதிலிருந்து முடிவை எழுதுவதுவரை ஆட்டிசம் உள்ளவர்கள் சமமாக இருந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: வாயால் பேசிக் கூட்டம் நடத்துவது சிலருக்குக் கஷ்டம் என்பதால் எழுத்து வழியாகவே அரட்டையடித்துக் கூட்டம் நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மருத்துவரிடம் போகும்போது உதவுகிற ஒரு கையேட்டையும் அவர்கள் சேர்ந்தே உருவாக்கினார்கள்.

நம் நாட்டுக்குப் பக்கத்தில் வருவோம். பிரிட்டனில் உருவான ஒரு முறையை, குழந்தையோடு விளையாடிப் பேசப் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கிற முறை அது, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றி, 65 குழந்தைகளோடு பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையோடு ஈடுகொடுத்துப் பழகுவதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நிபுணரைத் தேடி மலை இறங்குகிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

நம் மலையிலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு, ஆட்டிசம் சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்துகிற அஸ்வினி என்கிற அமைப்பு 1990இல் தொடங்கியது. அங்கே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழங்குடிக் கிராமங்களின் பெண்களே பயிற்சி பெற்று வந்தார்கள். ஊசி போடுகிறவர் நம் ஊர்ப் பெண், நம் மொழி பேசுகிறவர் என்றால் உள்ளே வருகிற கால் தயங்காது. இதே யோசனைதான் ஆட்டிசச் சேவைக்கும். ஒரே தெருவில் படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் பேசுகிற மலை இது. வீட்டில் படுகு பேசுகிற குழந்தையைத் தமிழில் மட்டும் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லவில்லை என்று எழுதினால், அதைத் திருத்த அந்த வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தாகவேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களோடு, குழந்தைகள் உட்பட, அவர்களின் அமைப்புகள் வழியாக நெருங்கிக் கலந்து பேசவேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006இன் ஐ.நா. உடன்படிக்கை நான்காவது பிரிவில் சொல்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றுக்கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் 7 வயதைத் தாண்டிய குழந்தையிடம் தனியாகச் சம்மதம் கேட்கவேண்டும். பெற்றோர்கள் பலருக்கு இது தெரியாது. வாயால் பேசாத குழந்தை கையைத் தட்டிவிட்டாலோ எழுந்து போனாலோ அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம்.

யாராவது ஆய்வுத்தாளோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளை யார் தயாரித்தது, அதில் ஆட்டிசம் உள்ளவர் யாராவது இருந்தார்களா? நாங்கள் சொல்வதால் எது மாறும், எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது? முடிந்தபின் திரும்பி வந்து தமிழில் சொல்வீர்களா? அப்புறம் காசு. இலை பறிக்கப் போகிற அம்மா ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு வேறு. அங்கே உட்கார்ந்திருக்கிற மற்ற எல்லோருக்கும் அது சம்பள நாள். அம்மாவுக்கும் கொடுக்கவேண்டும், இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வருடம் எங்கள் பக்கம் வாரம் ஒரு நாள் பயிற்சி வகுப்பு தொடங்கலாம் என்று ஒரு குழு வந்தது. இடம் பார்த்துவிட்டார்கள், தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ஐப்பசி மழையில் அந்தத் தகரத்துக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்கே கேட்காது. முதல் நாள் வந்த நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். ஆனால் அந்தக் குழுவைப் பாராட்டவேண்டும், பிள்ளைகள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் மூன்று இடங்களின் புகைப்படத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு வந்தார்கள், எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மேசையில் வைத்துவிட்டு யாரும் பேசாமல் காத்திருந்தார்கள். தம்பி ரொம்ப நேரம் பார்க்கவே இல்லை. அப்புறம் எழுந்து வந்து ஹால் படத்தை மட்டும் எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டான்.

இன்னொரு வீட்டில் 19 வயதுப் பையன், பேசமாட்டான், ஃபோனில் எழுதுவான். அவன் எழுதியது: "மழை வந்தா அங்க இருக்க முடியாது. டியூப் லைட் சத்தம் கேக்குது. யாரு வருவாங்கன்னு முன்னாடியே சொல்லணும்." டியூப் லைட் சத்தம் போடும் என்று அறையிலிருந்த எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. அணைத்துவிட்டுக் கேட்டபோதுதான் அது இவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்தது புரிந்தது. அம்மாக்கள் சொன்னது நேரத்தைப் பற்றி: வேலை நாள் காலை 11 மணி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், கூலி போகாது.

இப்போது ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டிருக்கிறோம், ஓட்டுக் கூரை, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தலைமையாசிரியர் எழுத்தில் கொடுங்கள் என்றார். கடிதத்தை என் கடையில் வைத்துத்தான் டைப் செய்தேன். நாள், நேரம், எத்தனை பேர் என்பதையெல்லாம் எழுதிவிட்டு, டியூப் லைட்டைப் போடாமல் கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைக்க அனுமதி வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னதைக் கடைசி வரியாகச் சேர்த்தேன், அவனுக்கு ஃபோனில் அனுப்பிக் காட்டி, சரி என்று பதில் வந்த பிறகுதான் பிரிண்ட் எடுத்தேன்.